மருந்து கலப்பவரிலிருந்து பட்டதாரி மருந்தாளர் வரை

மருத்துவர் எழுதித் தரும் துண்டை வாசித்து, உரிய மருந்தை உரிய அளவில் நோயாளியின் கையில் கொடுப்பவர் மருந்தாளரே. ஆயினும் இலங்கையில் மருத்துவக் கல்வியின் வரலாறு பேசப்படும் அளவுக்கு மருந்தாளர் கல்வியின் வரலாறு பேசப்படுவதில்லை.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞருக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். இரசாயனத்தைத் தமிழில் விளக்கும் 'கெமிஸ்தம்' என்ற நூல் 1875இல் வெளிவந்தது. மருந்தைப் பற்றிய அறிவையும் தாய்மொழியிலேயே பெறலாம் என்பதை அந்த முயற்சி நிரூபித்தது.

1870இல் கொழும்பில் மருத்துவப் பாடசாலை தொடங்கப்பட்டது. அக்காலத்தில் மக்கள் 'அப்போதிக்கரி' என்று அழைத்தவர், நோயைப் பார்த்து மருந்தும் கலந்து கொடுத்தார். மருந்து கலத்தல் தனித் துறையாகக் கருதப்படவில்லை. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழேயே மருந்தாளர்களும் பதிவு செய்யப்படலாயினர். மருத்துவருக்கெனப் பிறந்த சட்டத்தின் நிழலில்தான் மருந்தாளர் தொழில் வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அதன்பின் நெடுங்காலம் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, அரச வைத்தியசாலைகளுக்கான குறுகிய காலப் பயிற்சி. மற்றது, பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ் பயிலுநராக இருந்து, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபையின் பரீட்சையில் தேறுவது. திறமையான பலரை இவ்வழிகள் உருவாக்கின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆய்வுக்கும் உயர்கல்விக்கும் அவற்றில் இடமிருக்கவில்லை.

இந்நிலையில்தான் உலகம் வியந்த ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, மருத்துவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து முன்வைத்த அறிக்கையின் வழியே, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. 2,000க்கும் அதிகமாக இருந்த மருந்துகளின் பட்டியல் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டது. வணிகப் பெயருக்குப் பதிலாகப் பொதுப் பெயரால் மருந்தை அறியும் வழக்கம் வலியுறுத்தப்பட்டது. பிபிலே 1977இல் கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

பொதுப் பெயர்க் கொள்கை வெற்றி பெற வேண்டுமாயின், ஒரே மருந்தின் பல வணிகப் பெயர்களை ஒப்பிட்டு, மலிவானதும் தரமானதுமானது எது என்று நோயாளிக்குச் சொல்லக்கூடிய ஒருவர் கடையில் நிற்க வேண்டும். அவரே மருந்தாளர். கொள்கையை வகுத்த நாடு, அதனைக் காக்க வேண்டியவரின் கல்வியைப் பட்ட நிலைக்கு உயர்த்த மேலும் மூன்று தசாப்தங்கள் எடுத்துக்கொண்டது. அக்கொள்கை பின்னர் தளர்ந்தமைக்கு அரசியலும் வணிக நலன்களும் காரணங்களாக இருந்தன. இந்தக் கல்விக் குறைபாடும் ஒரு காரணம் என்பதே எனது கருத்து.

இப்போது பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் நான்காண்டு மருந்தாளர் பட்டத்தை வழங்குகின்றன. மானிப்பாயில் கிறீன் வகுப்பெடுத்த குடாநாட்டிலிருந்தே பட்டதாரி மருந்தாளர்கள் வெளியேறுகிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையையும் உருவாக்கியது.

2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்துகள் தட்டுப்பட்டபோது, "இந்த மருந்து இல்லை, மாற்று என்ன?" என்று கடை கடையாக அலைந்தவர்களை நாம் கண்டோம். அக்கேள்விக்குப் பொறுப்புடன் பதில் சொல்ல வேண்டியவர் மருந்தாளரே. பட்டம் பெற்றவர்களுக்கு அதற்கேற்ற பதவியும் அதிகாரமும் வழங்கப்படாவிட்டால், அவர்களும் கடல் கடந்து செல்வர். அப்போது பட்டம் மட்டும் இங்கே மிஞ்சும். மருந்துக்கடைப் பலகையின் பின்னால் மீண்டும் வெறும் விற்பனையாளரே நிற்பார்.