பயிற்சியாளர் பதவிக்கு ஆயுள் எவ்வளவு?

தமிழகத்துக்கு வெளியே உத்தியோக நிமித்தம் வாழும் நேயர்களுக்கு மாற்றல் உத்தரவு புதிய செய்தி அன்று. ஓரிடத்தில் எத்தனை ஆண்டு இருக்கலாம், எந்த வயதில் ஓய்வு பெற வேண்டும் என்பனவற்றை விதிகளே சொல்லிவிடுகின்றன. அத்தகைய விதிக்குள் எளிதில் அடங்காத பதவி ஒன்று உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுப் பயிற்சியாளர் வகிக்கும் பதவியே அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதில் நிலைத்தவர் உளர். மூன்றே ஆண்டில் விலக்கப்பட்டவரும் உளர். அந்தக் காலவரையை எந்த அளவுகோல் கொண்டு முடிவு செய்வது? இக்கேள்விக்கு அந்நாட்டு வரலாறு தரும் விடையை ஆராய்வோம்.

1892ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. அதன் முதல் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், முன்பு யேல் கல்லூரியில் தம்மிடம் பயின்ற அமாஸ் அலான்ஸோ ஸ்டாக் என்பவரைப் பயிற்சியாளராக அழைத்தார். அவர் பயிற்றுவித்த ஆட்டத்தை அமெரிக்கர் ஃபுட்பால் என்பர். அது நாமறிந்த கால்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியை முட்டி மோதி முன்னேறும் ஆட்டம். ஸ்டாக்கின் நியமனத்தில் ஒரு புதுமை இருந்தது. பேராசிரியர்களைப் போலவே அவருக்கும் நிரந்தர உத்தியோகம் அளிக்கப்பட்டது. ஓர் ஆண்டு தோற்றார் என்பதற்காக அவரை விலக்க இயலாது. இவ்வாறு 41 ஆட்டப் பருவங்கள் அவர் அங்கே பணியாற்றினார். 1932இல் அவருக்கு 70 வயது நிறைந்தபோது, அப்போதைய தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஓய்வு விதியைச் செயற்படுத்தினார். ஓய்வை விரும்பாத ஸ்டாக், கலிபோர்னியாவிலுள்ள பசிபிக் கல்லூரிக்குச் சென்று மேலும் 14 பருவங்கள் பயிற்றுவித்தார். சிக்காகோவோ, 1939இல் அந்த ஆட்டத்தையே கைவிட்டது.

பேராசிரியர் பதவியோடு பயிற்சியாளரை இணைக்கும் இம்முறை பரவலாக வேரூன்றவில்லை. 1920களில் பெரிய ஆட்டரங்குகள் எழுந்தன. நுழைவுச் சீட்டு வருமானம் பெருகியது. பயிற்சியாளரின் பிழைப்பு வெற்றி எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டது. கல்லூரி விளையாட்டு வணிகமாகிவிட்டதையும், ஆட்டத் திறனுக்காகவே மாணவர்களைப் பணம் காட்டி ஈர்ப்பதையும் கார்னகி அறநிறுவனம் 1929இல் வெளியிட்ட அறிக்கை கண்டித்தது. கண்டனம் நின்றது, வழக்கமும் நின்று நிலைத்தது.

எனினும் பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்குக் கூடைப்பந்து ஆட்டம் சான்று பகர்கிறது. ஜான் வுடன் 1948இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். வட்டார அளவில் வெற்றிகள் வந்தன. ஆனால் முதல் தேசியப் பட்டம் 16ஆம் பருவத்தில், 1964இல்தான் கிட்டியது. 1975இல் அவர் ஓய்வு பெறுவதற்குள் பட்டங்கள் பத்தாயின. டியூக் பல்கலைக்கழகத்தில் 1980இல் சேர்ந்த மைக் ஷஷெவ்ஸ்கியின் முதல் மூன்று பருவங்களில் வெற்றி 38, தோல்வி 47. அவரை நீக்குமாறு குரல்கள் எழுந்தன. விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் 1984இல் அவரது ஒப்பந்தத்தை நீட்டித்தார். 2022இல் விடைபெற்றபோது ஷஷெவ்ஸ்கி ஐந்து தேசியப் பட்டங்களுக்கு உரியவராக இருந்தார்.

அப்படியானால் நீண்ட காலம் இருக்க விடுவதே நன்மை என்று துணியலாமா? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வரலாறு நம்மைத் தடுக்கிறது. ஜோ பட்டர்னோ அங்கே 1966 முதல் 46 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 2004இல் பல்கலைக்கழகத் தலைவரும் விளையாட்டுத் துறை இயக்குநரும் அவர் இல்லம் சென்று, ஓய்வு பெறலாமே என்றனர். அவர் மறுத்தார், அவர்கள் திரும்பினர். நியமித்தவர்களாலேயே அசைக்க முடியாத நிலைக்கு அவர் உயர்ந்துவிட்டார். அவரிடம் நெடுங்காலம் உதவியாளராக இருந்த ஒருவர் சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய செய்தி 2011இல் வெளிப்பட்டது. அதுபற்றி 2001இலேயே தமக்கு எட்டிய தகவலை மேலதிகாரிகளிடம் தெரிவித்ததோடு பட்டர்னோ நின்றுவிட்டார். 2011 நவம்பரில் அவரும் பல்கலைக்கழகத் தலைவரும் ஒரே நாளில் பதவி இழந்தனர். மறு ஆண்டு அந்த உதவியாளர் 45 குற்றங்களுக்காகத் தண்டனைக்குரியவராகத் தீர்க்கப்பட்டார். ஆட்டத்தின் பெருமைக்கு அங்கே விலை கொடுத்தவர் சிறுவர்கள்.

இன்று பொறுமையின்மைக்கும் விலை உண்டு. 2023 நவம்பரில் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை விலக்கியபோது, எஞ்சிய ஒப்பந்தக் காலத்துக்காக அவருக்குத் தர வேண்டியதாயிற்று 7 கோடியே 50 லட்சம் டாலருக்கும் மேல். நீண்ட ஒப்பந்தம் எழுதியவர்கள் அதை நடுவில் முறிக்கப் பொன்னைக் கொட்ட நேர்ந்தது.

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கே நோக்கினால் இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, தொடக்கத்தில் நான்காண்டேனும் அவகாசம் தேவை. கல்லூரிப் படிப்பு நான்காண்டு. புதிய பயிற்சியாளர் முன்னவர் தேர்ந்த மாணவர்களைக் கொண்டே தொடங்குகிறார். தாமே தேர்ந்த மாணவர் இறுதியாண்டை எட்டும்முன் அவரை எடைபோடுவது பிறர் விதைத்ததை அவர் கணக்கில் எழுதுவதாகும். 2021 முதல் ஆட்டக்காரர்கள் எளிதில் கல்லூரி மாற அனுமதி கிடைத்ததால் இக்கணக்கு தளர்ந்துள்ளது. ஆயினும் ஒரு குழுவைப் பழக்கி நம்பிக்கையூட்டக் காலம் வேண்டும் என்பது மாறவில்லை.

இரண்டாவது உண்மையே தலையாயது. ஆண்டுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், ‘இரு’ என்றும் ‘போ’ என்றும் சொல்லும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே முக்கியம். டியூக்கில் ‘இரு’ என்று சொல்லத் துணிந்தவர் ஒருவர் இருந்தார். கூச்சல் அவரை அசைக்கவில்லை. பென்சில்வேனியாவில் ‘போ’ என்று சொல்லச் சென்றவர்கள் வாசலோடு திரும்பினர். பயிற்சியாளரின் புகழ் எவ்வளவு உயர்ந்தாலும், அந்த அதிகாரம் கல்விக்குப் பொறுப்பேற்றவர்களின் கையிலேயே இருத்தல் வேண்டும். அவர்கள் தீர்ப்புக் கூறும்போது வெற்றிப் பட்டியலோடு வேறு சிலவற்றையும் கேட்க வேண்டும்: மாணவர்கள் படிப்பை முடித்தார்களா? அவரிடம் ஒப்படைக்கப்பட்ட இளைஞர் பாதுகாப்பாக இருந்தார்களா? தவறு கண்டவர் அஞ்சாமல் வாய் திறக்க முடிந்ததா? இவற்றுக்கு ஆம் என்று விடை வரும்வரை ஒருவர் இருக்கலாம். விடை மாறும் நாளில், அவர் ஈட்டிய பட்டங்கள் எத்தனையாயினும், விடை கொடுப்பதே முறை.