மனநலப் பணியாளர் வரிச்சலுகைகள் (அமெரிக்கா)

மனநலச் சிகிச்சை எளிதில் கிடைக்காத பகுதிகளில் பணியாற்ற வருவோருக்கு அமெரிக்கக் கூட்டாட்சி அரசும் சில மாநிலங்களும் தரும் வருமான வரிச் சலுகைகள். பொதுவாக 30,000 பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத வட்டாரம் பற்றாக்குறைப் பகுதியாக அறிவிக்கப்படும். தேவை மிகுந்த இடங்களுக்கு இந்த அளவு 20,000.

மாநிலச் சலுகைகளில் விரிவானது நியூ மெக்சிகோ 2007இல் கொண்டுவந்த ஊரக மருத்துவப் பணியாளர் வரித் தள்ளுபடி. மருத்துவர், உளவியலாளர் முதலியோருக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை கிடைக்கும். மருத்துவச் சமூகப் பணியாளர்களும் மனநல ஆலோசகர்களும் பின்னாளில் 3,000 டாலர் பிரிவில் சேர்க்கப்பட்டனர். இத்தொகை வருமானத்தில் அல்ல, கட்ட வேண்டிய வரியிலேயே கழியும். மிஞ்சினால் ரொக்கமாகத் தரமாட்டார்கள், அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் கழித்துக்கொள்ளலாம். தொடக்க விதிப்படி முழுத் தொகைக்கு ஆண்டில் 2,080 மணி நேரமும் பாதித் தொகைக்கு 1,040 மணி நேரமும் ஊரகத்தில் பணியாற்றியிருக்க வேண்டும். வாரம் 40 மணி வீதம் 52 வாரம்: விடுப்பே எடுக்காதவருக்குத்தான் முதல் கணக்குப் பொருந்தும்.

தொகையின் மதிப்பு ஊரைப் பொறுத்தது. 2008 முதல் 2020 வரை நியூ மெக்சிகோவின் உச்ச வரி 4.9 விழுக்காடு, எனவே 5,000 டாலர் என்பது ஏறத்தாழ 1,00,000 டாலர் வருமானத்துக்கான மாநில வரி. அண்டையிலுள்ள டெக்சஸிலோ தனிநபர் வருமான வரியே கிடையாது. ஹாப்ஸ், க்ளோவிஸ் போன்ற எல்லையோர ஊர்களில் இத்தள்ளுபடி டெக்சஸோடு சமநிலை தருகிறதே தவிர, கூடுதல் ஈர்ப்பு என்று சொல்வதற்கில்லை. அலாஸ்கா, வயோமிங், தெற்கு டகோட்டா ஆகியவற்றிலும் ஊதியத்துக்கு மாநில வரி இல்லாததால், பரந்த ஊரகம் கொண்ட அம்மாநிலங்களுக்கு இந்த வழியே அடைபட்டிருக்கிறது.

யூட்டா மனநல மருத்துவர்களுக்கு 10,000 டாலர் தள்ளுபடியை வகுத்தது. ஓய்வுபெற்றபின் ஊதியமின்றிச் சிகிச்சை அளிப்போரையும் அது சேர்த்துக்கொண்டது.

அதிகம் பேசப்படாவிட்டாலும் வலுவானது கூட்டாட்சிச் சலுகைதான். 1970இல் உருவான தேசியச் சுகாதாரச் சேவைப் படை, பற்றாக்குறைப் பகுதிகளில் பணியாற்றுவோரின் கல்விக் கடனை அடைக்க உதவுகிறது. அந்த உதவி முன்பு வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்பட்டது. அதை ஈடுகட்ட அரசே கூடுதலாக 39 விழுக்காடு தந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிய இந்த ஏற்பாடு 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரிவிலக்கோடு முடிந்தது. அதே நிதியில் இன்னும் பலருக்கு உதவ இடம் கிடைத்தது. 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் இவ்விலக்கை மாநிலங்களின் கடனடைப்புத் திட்டங்களுக்கும் விரித்தது. வருமானம் குறைவாகவும் கடன் மிகுதியாகவும் உள்ள இளம் ஆலோசகருக்கு வரித் தள்ளுபடியைவிட இதுவே பயன்படும். மாநில வருமான வரி இல்லாத இடங்களிலும் இது செல்லும்.