பாதி எஞ்சினில் பிறந்த பட்டா

மன்னார்த் தீவின் பேசாலைக் கரைக்கு வள்ளங்கள் வந்ததும், லொறி திரும்ப முடியாத ஒழுங்கைக்குள்ளும் பின்பக்கமாக நுழைந்து வாடி வாசலில் நிற்கும் பட்டா என்ற சின்னச் சரக்கு வண்டி. ரெஜிபோம் பெட்டி, ஐஸ், மேலே ஒரு தறப்பாள். ஏற்றி முடிந்தால் பாலம் தாண்டிவிடும். டிமோ நிறுவனம் 'டிமோ பட்டா' என்று விற்றதால் இலங்கையில் அந்தப் பெயர். பிறந்த இடமான புனேயில் அது டாட்டா ஏஸ்.

2000 ஆம் ஆண்டையொட்டி லொறி விற்பனை விழுந்து, டாட்டா மோட்டார்ஸ் பெரும் நட்டத்தில் கிடந்தது. அந்த நேரத்தில்தான் சின்னச் சரக்கு வாகனம் ஒன்றைச் செய்யும் பொறுப்பு கிரிஷ் வாக் என்ற இளம் பொறியியலாளரிடம் வந்தது. அவருடைய குழு முதலில் சரக்கு ஓட்டோக்காரரிடம் போய்ப் பேசியது. நாலு சில்லு வாகனம் இருந்தால் ஊரில் நல்ல இடத்தில் பெண் கிடைக்கும் என்றாராம் ஒருவர். சுமைக் கணக்கு, டீசல் கணக்கைவிட எனக்குப் பிடித்தது இந்தப் பேச்சுத்தான்.

ஆசை சரி, காசு? புது எஞ்சின் என்றால் வார்ப்பு, இயந்திரங்கள், சோதனை என்று செலவு ஏறி, வண்டி ஓட்டோக்காரரின் கைக்கு எட்டாமல் போயிருக்கும். டாட்டாவின் இண்டிகா காருக்கு 1405 சிசியில் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதில் பாதியை எடுத்தார்கள்: இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரை வலு. சிலிண்டரின் விட்டம்கூட மாறவில்லை. இரண்டு சிலிண்டர் என்றால் அதிர்வு கூடத்தான்; பட்டாவில் முன்னுக்கு இருந்து போனவருக்கு அது தெரியும். மற்றப் பாகங்களில் பெரும்பகுதி வெளி நிறுவனங்களிடம் வாங்கியது.

2005 மே மாதம் வண்டி வெளிவந்தது. கேள்வி கூட, 2007 இல் உத்தரகாண்டின் பந்த்நகரில் தொழிற்சாலை எழுந்தது. பாகம் செய்பவர்களும் பக்கத்திலேயே குடிவந்தார்கள். இலங்கையிலும் வாகனம் இடப்பக்கம்தான் ஓடுகிறது என்பதால், இங்கே இறக்க ஸ்டியரிங்கைக்கூட மாற்றத் தேவையிருக்கவில்லை.

போர் முடிந்து, 2010 இல் மன்னாரின் புதிய பாலமும் திறந்தபின் மீன்காரருக்குத் தோதாய் அமைந்தது இந்த வண்டி. புனேயில் யாரும் மீனை நினைத்து அதை வரையவில்லை. ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணியில் பின்பெட்டித் தகடு கறள் பிடிக்கும். கராஜில் வெட்டி ஒட்டுவார்கள். 2020 இல் வாகன இறக்குமதி நின்றது. அது மறுபடி திறக்க 2025 ஆயிற்று. இடையில், ஒட்டுப்போட்ட பட்டாவைத் தாங்கள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்களும் உண்டு.