இருவர் நின்ற ஓரிடம்

ஜான் ரஸ்கினைத் தமிழுலகம் பெரிதும் காந்தியடிகள் வாயிலாகவே அறியும். 1904-ஆம் ஆண்டில் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் செல்லும் தொடர்வண்டியில் ரஸ்கினின் நூலொன்றைப் படித்தே காந்தியடிகள் தம் வாழ்க்கை நெறியை மாற்றியமைத்துக் கொண்டார். அந்நூலை எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே ரஸ்கின் ஓவியத் திறனாய்வாளராகப் புகழ் பெற்றிருந்தார். தம் கையாலும் மலைகளை வரைந்தவர். இளமையில் ஒரு மலைப்பள்ளத்தாக்கில் நின்று அவர் அடைந்த திகைப்பு, கவிதை எழுதுவோர்க்கும் உரியது என்று கருதியே அதனை இம்மலருக்கு எழுதத் துணிந்தேன்.

1843-இல் 'நவீன ஓவியர்கள்' என்னும் அவருடைய பெருநூலின் முதல் தொகுதி வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை இருபத்து நான்கு. ஓவியர் டர்னரின் பிற்காலப் படைப்புகளை இதழ்கள் எள்ளி நகையாடிக் கொண்டிருந்த காலம் அது. இயற்கையின் உண்மையை டர்னரைப்போல் உணர்த்திய நிலக்காட்சி ஓவியர் வேறிலர் என்று அந்த இளைஞர் அந்நூலில் வழக்காடினார். அதே ஆண்டில் டர்னர் அவருக்காக நீர்வண்ண ஓவியம் ஒன்றைத் தீட்டினார். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் செயின்ட் காட்ஹார்ட் கணவாயைக் கடந்து தெற்கே இறங்கும் வழியில் ஃபைடோ என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே டிச்சீனோ ஆறு பாறைகளை உருட்டிக்கொண்டு பாயும் காட்சியே அவ்வோவியம்.

1845-இல் ரஸ்கின் முதன்முறையாகப் பெற்றோர் துணையின்றி நெடும்பயணம் புறப்பட்டார். ஆகஸ்டு மாதம் ஃபைடோவை அடைந்து, டர்னர் நின்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். ஆறு இருந்தது, கற்கள் இருந்தன, சாலையும் இருந்தது. மலைகள் மட்டும் சிறுத்துப் போயிருந்தன! படத்தில் ஏறத்தாழ ஆயிரம் அடி உயர்ந்து நிற்கும் பாறை, நேரில் நானூறு ஐந்நூறு அடிக்கு மேல் இல்லை. அதன் சிறுமையைக் காட்டிக்கொடுக்கும் வகையில் அங்கே வேரூன்றியிருந்த சில மரங்களையும் டர்னர் தம் படத்தில் விட்டுவிட்டிருந்தார்.

இயற்கைக்கு உண்மையானவர் என்று யாரைப் பற்றி உலகறிய எழுதினாரோ, அவர் மலையின் அளவையே மாற்றியிருக்கிறார். நூல் அச்சேறி ஈராண்டுகள் ஆகியிருந்தன. வேறொருவராயின் கண்டதை மறைத்திருக்கக் கூடும். ரஸ்கினோ அங்கேயே நின்று, இருந்ததை இருந்தவாறே வரைந்தார். ஆற்றிலிருந்து ஒரு கல்லையும் எடுத்துக்கொண்டார்.

குறிஞ்சித் திணைப் பாடல்களைக் கற்பிக்கும்போது, "அம்மா, இந்த மலை எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் மாணவியர் ஆண்டுதோறும் இருப்பர். அவர்களுக்கு விடை கூறுவதில் எனக்குள்ள இடர்ப்பாட்டினை ரஸ்கின் நன்கு அறிந்திருப்பார் என்று எண்ணிக்கொள்வதுண்டு.

அவர் தம் விடையை அச்சிடப் பதினொரு ஆண்டுகள் சென்றன. 1856-இல் வெளிவந்த நான்காம் தொகுதியில், உள்ளவாறு வரைந்த காட்சியையும் டர்னர் கண்ட காட்சியையும் இரு தனித்தனிப் படங்களாக வெளியிட்டார். எதிர்வழக்காடுவோர்க்குத் தாமே சான்று எடுத்துக் கொடுத்தது போன்ற செயல் அது. பிறகு விளக்குகிறார்: டர்னர் அவ்விடத்தில் வானிலிருந்து குதித்து நிற்கவில்லை, ராய்ஸ் ஆற்றின் பிளவையும் பேய்ப்பாலத்தையும் கணவாயின் உச்சியையும் கடந்து வந்து நின்றார். அன்று காலை முதல் கண்ட பேருருவங்கள் யாவும் அவர் உள்ளத்தில் நிறைந்திருந்தன. அப்படி வந்தவனுக்கு அப்பாறை ஐந்நூறு அடியாகத் தோன்றாது. படத்தின் சாலையில் மட்டக்குதிரைகள் பூட்டிய அஞ்சல் வண்டி ஒன்று சிறியதாக வருகிறது. இப்பெருங்காட்சியில் அது எதற்கு என்று கேட்போருக்கு, காட்சியின் உயிரே அதில்தான் உள்ளது என்பது ரஸ்கினின் மறுமொழி. இக்காட்சி பயணம் செய்து வந்தவனின் காட்சி என்பதை அவ்வண்டியே சொல்கிறது.

இது கட்சிக்காரரைக் காக்கும் வழக்குரைஞரின் சாதுரியம் என்றே முதலில் எனக்குத் தோன்றிற்று. ஆனால் இவ்வுரிமையை ரஸ்கின் எல்லார்க்கும் வழங்கிவிடவில்லை. புனைந்து காணும் ஆற்றல் வாய்க்காதவன் கண்முன் உள்ளதை ஒரு கல்லும் பிறழாமல் வரைக என்பது அவர் விதித்த விதி. ஃபைடோவில் தாம் வரைந்ததும் அவ்விதிப்படியே. (இவ்விதி நம் கவியரங்குகளுக்கு வருமாயின் மேடையில் எத்தனை பேர் எஞ்சுவோம் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.) டர்னரோ இத்தகைய விளக்கம் எதுவும் தரவில்லை. தாம் வரைய முயன்ற கற்சிதறல் என்ற அளவிலேயே அக்காட்சியைப் பற்றி ரஸ்கினிடம் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த நீர்வண்ண ஓவியம் இன்று நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் உள்ளது. காட்ஹார்ட் மலையை 1882-இல் இருப்புப்பாதை துளைத்தது. 2016-இல் அடிவாரத்திலேயே 57 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் திறக்கப்பட்டது. இன்று சூரிக்கிலிருந்து மிலான் நோக்கி விரையும் பயணி பேய்ப்பாலத்தைக் காண்பதில்லை, கணவாயையும் காண்பதில்லை. ஃபைடோவை நிலத்தின் கீழே இருளில் கடந்துவிடுகிறார். டர்னர் நின்ற இடத்தைத் தேடிச் செல்ல விரும்புவோர், மலைமீது ஏறிச்செல்லும் பழைய பாதையில் மெதுவாகச் செல்லும் வண்டியைப் பிடிக்க வேண்டும்.