பேய்க்குக் கிடைத்த ‘ஏ’

முட்டம் என்கிற பெயரைத் தமிழ்நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது புவியியல் புத்தகம் அல்ல, பாரதிராஜா. நாகர்கோவிலிலிருந்து 15, 16 கிலோமீட்டர் தள்ளி ஒரு கடற்கரை கிராமம். பாறைகள், தேவாலயம், கலங்கரை விளக்கம், கட்டுமரங்கள். 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’, 1986-ல் ‘கடலோரக் கவிதைகள்’. இரண்டே படம். இன்றைக்கும் அங்கே சுற்றிப் பார்க்கப் போகிற கூட்டத்தில் ஒரு நடுத்தர வயதுக்காரராவது, ‘அந்தப் பாறை எதுங்க?’ என்று கேட்காமல் திரும்புவதில்லை.

நமக்கு வேண்டியது முதல் படம். கார்த்திக், ராதா இருவருக்குமே அதுதான் அறிமுகம். மீசை அரும்புகிற வயதில் ஒரு பிராமணப் பையன். அவனுக்கு ஜோடியாக ஒரு கிறிஸ்துவப் பெண். கடைசியில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். மதத்தைத் தொட்ட படம் என்று அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. எனக்கு வேறொரு சந்தேகம். பதினைந்து, பதினாறு வயதுக் காதலைப் பற்றிய படத்தைப் பதினைந்து, பதினாறு வயதுக்காரர்கள் பார்க்கலாமா? அவர்களோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஒன்பது வயதுத் தம்பி?

1981-ல் இந்தக் கேள்விக்குச் சட்டம் கையில் வைத்திருந்த பதில்கள் மொத்தமே இரண்டு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றால் ‘யு’. பதினெட்டு முடிந்தவர்கள் மட்டும் என்றால் ‘ஏ’. நடுவில் ஒன்றும் கிடையாது. ரயிலில் அரை டிக்கெட் உண்டு, பஸ்ஸில் அரை டிக்கெட் உண்டு, சென்சாரில் மட்டும் இல்லை. இதில் இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். முட்டம் கடற்கரையில் நின்று படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கிற சிறுவனுக்கு எந்த வயதுக் கட்டுப்பாடும் கிடையாது. அதே காட்சியைக் காசு கொடுத்துத் தியேட்டரில் பார்க்கப் போனால்தான் சட்டம் வந்து நிற்கும்.

இந்த இரண்டு எழுத்துகள் எங்கிருந்து வந்தன?

வெள்ளைக்காரன் 1918-ல் சினிமாட்டோகிராஃப் சட்டம் கொண்டுவந்தான். 1920-ல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் சென்சார் போர்டுகள் முளைத்தன. பொறுப்பு போலீஸ் அதிகாரிகளிடம். அவர்களுடைய கவலை குழந்தைகளைப் பற்றியது என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். 1921-ல் ‘பக்த விதுரர்’ என்றொரு மௌனப்படம். மகாபாரதத்து விதுரர், பார்க்கக் காந்தி மாதிரியே இருந்தார். போதாதா? சென்னையிலும் கராச்சியிலும் தடை போட்டார்கள்.

1927-ல் சினிமாவைப் பற்றி ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் நம் ஊர்க்காரர், சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். ஊர் ஊராகப் போய் 353 பேரிடம் சாட்சி வாங்கினார்கள். சினிமா பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்று அப்போதே விசாரித்திருக்கிறார்கள். கேள்வி பழசு. ஆனால் வயதுவாரியாகச் சான்றிதழ் தருவது என்று சட்டத்தில் எழுதப்பட்டது சுதந்திரத்துக்குப் பிறகுதான், 1949-ல். எழுத்து மட்டும் பிரிட்டனிலிருந்து வந்த சரக்கு. அங்கே 1913-லிருந்தே யு, ஏ இரண்டும் புழக்கத்தில் இருந்தன. ஆனால் அந்த ஊர் ‘ஏ’ வேறு. பெரியவர்கள் துணைக்கு வந்தால் குழந்தையும் உள்ளே போகலாம். நாம் எழுத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டோம்.

சாத்திய கதவில் தமிழ்ப் படங்களில் முதலில் முட்டிக்கொண்டது எது தெரியுமா? எம்.ஜி.ஆர். படம்!

1951 பிப்ரவரியில் ஜுபிடர் பிக்சர்ஸின் ‘மர்மயோகி’ வெளியானது. கே. ராம்நாத் டைரக்‌ஷன். ராஜாவை ஆற்றில் தள்ளிவிட்டு ஆட்சியைப் பிடிக்கிறாள் ஒருத்தி. ஏழைகளுக்காகக் காட்டிலிருந்து போராடுகிறார் எம்.ஜி.ஆர். செத்துப்போனதாக நினைத்த ராஜா, பேயாக வந்து அவளை மிரட்டுகிறார். உண்மையில் ராஜா சாகவே இல்லை, அது பேயும் இல்லை, செருகளத்தூர் சாமாதான். ஆனாலும் பேய் மாதிரி வந்தாரே! பிள்ளைகள் பயந்துகொண்டால்? போடு ‘ஏ’. வாளும் குதிரையுமாக எம்.ஜி.ஆர். வருகிற படத்தைச் சிறுவர்கள் பார்க்கக் கூடாது. நியாயமா சொல்லுங்கள்?

சட்டத்தின் கோணத்தில் யோசித்தால் பரிதாபமாகவும் இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை நிஜமாகவே பயந்திருக்கலாம். அதற்காகப் பதினேழு வயதுப் பையனையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்த வேண்டும். தராசில் ஒரே ஒரு எடைக்கல்தான் இருக்கிறது என்றால் கடைக்காரர் என்ன செய்வார்?

இந்தத் தராசை நீதிமன்றத்துக்கு இழுத்துப் போனவர் கே.ஏ. அப்பாஸ். பம்பாய், கல்கத்தா, சென்னை, டெல்லி நான்கு நகரங்களின் பகட்டையும் வறுமையையும் அருகருகே வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதி சில நொடிகள் வருகிறது. சென்சார் ‘ஏ’ என்றது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே, சரி, வெட்டு இல்லாமல் ‘யு’ தந்துவிடுகிறோம் என்று அரசு இறங்கி வந்தது. அப்பாஸ் விடவில்லை. முன்தணிக்கையே தப்பு என்று மனுவை விரித்தார். 1970 செப்டம்பரில் தலைமை நீதிபதி ஹிதயதுல்லா தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. முன்தணிக்கை செல்லும், யு, ஏ என்று பிரிப்பதும் செல்லும். கலையையும் ஆபாசத்தையும் பிரித்துப் பார்க்க விதிகளில் வழி வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆனால் நடுவில் ஒரு பெட்டி வர இன்னும் பதின்மூன்று வருடம் ஆனது.

1983 ஜூன் 1-ம் தேதி ‘யு/ஏ’ நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காட்டலாமா என்று பெற்றோரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று அர்த்தம். ‘சென்சார் போர்டு’ என்கிற பெயரும் அன்றோடு போய் ‘சான்றிதழ் வாரியம்’ ஆனது. நாம் என்னவோ இன்றைக்கும் சென்சார் என்றுதான் சொல்கிறோம்.

அமெரிக்காவும் இந்த விஷயத்தில் தடுமாறியதுதான். 1984-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தில் காளி கோயில் பூசாரி ஒருவன் உயிரோடிருக்கும் ஆளின் இதயத்தைப் பிடுங்குவான். கதை நடப்பது இந்தியாவில். நம் அரசு ஆட்சேபித்ததால் கண்டியில் போய் எடுத்தார்கள். பிள்ளைகளை அழைத்துப்போன பெற்றோர்கள் கொதித்தார்கள். டைரக்டர் ஸ்பீல்பெர்க்கே நடுவில் ஒரு வகை வேண்டும் என்றார். அதே வருடம் ஜூலையில் ‘பிஜி-13’ பிறந்தது.

நம் கதைக்கு வருவோம். இதுவரை குழந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இனி பணம். தமிழ்நாட்டில் தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006 முதல் கேளிக்கை வரி விலக்கு இருந்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் ஒரு நிபந்தனை சேர்ந்தது: ‘யு’ சான்றிதழ் வாங்கிய படத்துக்கு மட்டும்தான் சலுகை. வரியோ 30 சதவீதம் வரை. பி.காம். படித்தவனுக்குக் கை சும்மா இருக்காது, போட்டுப் பார்த்தேன். பத்துக் கோடி வசூலில் தோராயமாக மூன்று கோடி, ஒரே ஒரு எழுத்தில் தொங்குகிறது.

நோக்கம் என்னவோ நல்லதுதான். நல்ல படம் எடுங்கள், சலுகை தருகிறோம். நடந்தது வேறு. யு/ஏ வாங்க வேண்டிய படங்களெல்லாம் ‘யு’வுக்காக மல்லுக்கட்டின. அரிவாள் வெட்டில் நாலு ஃபிரேம் குறை, கெட்ட வார்த்தையை ஊமையாக்கு, மறுபரிசீலனைக் கமிட்டிக்குப் போ. எப்படியாவது வாங்கிவிட்டால் போஸ்டரில் ‘யு’. அதை நம்பி ஆறு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குடும்பம் உட்கார்ந்திருக்கும்; திரையில் சுமோ பறந்துகொண்டிருக்கும். பெற்றோருக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டிய எழுத்து, வரி ஆபீஸுக்குத் தகவல் சொல்கிற எழுத்தாகிவிட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அந்தப் பழைய கேளிக்கை வரியைக் கரைத்தபோதுதான் இது ஓய்ந்தது.

2023-ல் சட்டத்தைத் திருத்தி, 2024-ல் புது விதிகள் போட்டார்கள். யு/ஏ இப்போது மூன்று: 7+, 13+, 16+. எடைக்கற்கள் கூடியிருக்கின்றன, சந்தோஷம். ஆனால் ‘ஏ’ படத்துக்குச் சிறுவரை விட்டால் தியேட்டர்காரருக்குத் தண்டனை உண்டு. 16+ படத்துக்குப் பத்து வயதுப் பையனோடு நீங்கள் போய் நின்றால் வாசலில் உங்களைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அது உங்களுக்கான குறிப்பு, அவ்வளவுதான்.

செல்போனில் வருகிற படங்களுக்கு 2021-லேயே இதே மாதிரி பிரித்துவிட்டார்கள். அங்கே சான்றிதழை நிறுவனமே போட்டுக்கொள்ளலாம். 13+, அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போட வசதி செய்து தர வேண்டும் என்பது விதி. செய்தும் தந்திருக்கிறார்கள். நாலு இலக்க ரகசிய எண். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அதை அப்பாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, எண்ணையும் போட்டுக்கொடுத்தது, எட்டாம் வகுப்பு படிக்கிற மகன்.