கோலார் தங்கவயலில் பேறுகாலப் பணி

கோலார் தங்கவயலின் முதல் தலைமுறைக் குழந்தைகள் பெரும்பாலும் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய ஓரறை வீடுகளில் பிறந்தன. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் சுரங்கப் பணியைக் கையில் எடுத்தபின் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து கூலி வேலைக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் நிலமற்ற தலித் மக்கள், வீட்டுமொழி தமிழ். 1891இல் 7,085 ஆக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 38,204 ஆனது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று ஒவ்வொரு சுரங்கத்தையும் ஒட்டி ‘லைன்’ வீடுகள் எழுந்தன. சமையலும் உறக்கமும் பிரசவமும் நடந்தது அந்த ஒரே அறையில்தான்.

அவர்கள் விட்டு வந்த ஊர்களில் பிரசவம் பார்ப்பது மருத்துவச்சியின் வேலை. பல ஊர்களில் நாவிதர் சமூகத்துப் பெண்களே தலைமுறை தலைமுறையாக அந்தப் பொறுப்பைச் சுமந்தார்கள். வயிற்றைத் தடவிப் பார்த்துக் குழந்தையின் கிடை அறிவது, வலி எழும் நேரம் கணிப்பது, நஞ்சு முழுதாக விழுந்ததா என்று பார்ப்பது, பிள்ளை பெற்றவளுக்குக் காயமருந்து இடிப்பது எல்லாம் அவர்கள் கையிலிருந்த அறிவு. நெல்லும் வெற்றிலை பாக்கும் ஒரு சேலையும் அதற்குரிய கூலி. சாதி ஒழுங்கோ இந்தத் திறமையைத் தீட்டு வேலையாகவே வைத்திருந்தது. ஆனால் சேரி மக்களுக்கு ஊர் மருத்துவச்சி எளிதில் கிடைத்துவிடவில்லை. அங்கே வயது முதிர்ந்த, பல பிள்ளை பெற்ற பெண்களே ஒருவருக்கொருவர் துணையானார்கள். தங்கவயலின் லைன் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது வழக்கம்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற மரபும் கூடவே வந்தது. 1894இல் பௌரிங்பேட்டை என்ற இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து தங்கவயலுக்குக் கிளை ரயில்பாதை போடப்பட்டபின், நிறைமாதப் பெண்கள் ஜோலார்பேட்டை வழியாக ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் போய்வருவது எளிதாயிற்று. கம்பெனியின் கணக்கில் வராத பராமரிப்பு அது. செலவு முழுவதும் பெண்ணின் பிறந்த வீட்டுடையது. சுரங்கத்துக்கு வேண்டிய அடுத்த தலைமுறைத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இப்படி வட ஆற்காட்டுக் குடிசைகளே ஈன்று, தேற்றி அனுப்பின. தங்கவயலின் பொருளாதாரம் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கம்பெனிக்கு மருத்துவமனை தேவைப்பட்ட காரணம் வேறு. வெடிவிபத்தும் பாறைச் சரிவும் அன்றாடம் ஆட்களை முடமாக்கின. 1898இல் பெங்களூரில் பரவிய பிளேக் தங்கவயலையும் தாக்கியது. தொழிலாளர்கள் ஊரை விட்டு ஓடினால் சுரங்கம் நின்றுவிடும் என்ற அச்சம் சுகாதாரத்தை நிர்வாகத்தின் கவலையாக்கியது. நெரிசலைக் குறைக்க, மைசூர் ரெசிடென்ட் டொனால்ட் ராபர்ட்சனின் பெயரில் ராபர்ட்சன்பேட்டை என்ற புது ஊர் அமைந்தது. சாம்பியன் ரீஃபில் இருந்த கம்பெனி மருத்துவமனை வளர்ந்து தென்னிந்தியாவின் பெயர் பெற்ற மருத்துவமனைகளில் ஒன்றாயிற்று. அங்கே முதலிடம் ஆண் தொழிலாளியின் உடலுக்குத்தான். 1940களில் நடந்த ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் கண்டிருந்தது. அத்தகைய இடத்தில் மருத்துவர்களின் கவனம் எலும்பு முறிவிலும் நுரையீரலிலும் குவிந்ததில் வியப்பில்லை. பிரசவம் அந்த வரிசையில் பின்னால் நின்றது.

அப்போது தென்னிந்தியாவில் பேறுகால மருத்துவம் வேறு இடங்களில் உருவாகிக்கொண்டிருந்தது. சென்னையில் 1844இல் தொடங்கிய பிரசவ மருத்துவமனை பின்னர் எழும்பூரில் நிலைபெற்று மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளித்தது. 1885இல் டஃப்ரின் சீமாட்டியின் பெயரால் பெண்களுக்கான மருத்துவ உதவி நிதி ஏற்பட்டது. 1903இல் கர்சன் சீமாட்டி, நாட்டு மருத்துவச்சிகளைப் பயிற்றுவிப்பதற்காக விக்டோரியா நினைவு நிதியைத் தொடங்கினார். இம்முயற்சிகள் எல்லாவற்றிலும் ஒரே தொனி கேட்கும்: தாய் இறந்தால் பழி மருத்துவச்சியின் அழுக்குக் கைக்கு. கழுவாத கையும் துருப்பிடித்த கத்தியும் பிரசவ ஜுரத்தையும் பிறந்த குழந்தைக்கு இசிவையும் கொண்டுவந்தது உண்மை. ஆனால் இரத்தசோகையும் அடுத்தடுத்த கருவும் ஒற்றை அறை வீடும்கூடக் கொன்றன. இவற்றுக்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை.

தங்கவயலைச் சுற்றி மிஷன் மருத்துவமனைகள் எழுந்தன. கோலார் நகரில் மெதடிஸ்ட் மிஷன் 1910இல் எலன் தோபர்ன் கோவன் நினைவு மருத்துவமனையைத் திறந்தது. இன்றும் ஊரார் வாயில் அது ‘ஈ.டி.சி.எம்.’ வேலூரில் ஐடா ஸ்கடர் 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையையும் 1909இல் செவிலியர் பள்ளியையும் நிறுவினார். ஆண் மருத்துவரை அனுமதிக்க மறுத்த மூன்று வீடுகளில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததுதான் அவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது என்பது பலரும் அறிந்த வரலாறு. பெண்ணுக்குப் பெண்ணே வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற தேவையிலிருந்து வேலூரில் ஒரு பெரும் நிறுவனம் பிறந்தது. அங்கும் தலைமைப் பொறுப்பு மருத்துவருக்கே. மருத்துவச்சி அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்.

மைசூர் சமஸ்தானம் பொது சுகாதாரத்தில் பிரிட்டிஷ் இந்தியாவை விடச் சில விஷயங்களில் முந்தி நடந்தது. 1930இல் அரசே குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவமனைகளுக்கு ஆணையிட்டது. 1935இல் பெங்களூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான வாணி விலாஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. சென்னை மாகாணம் 1926இல் செவிலியர், மருத்துவச்சிகள் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பதிவுச் சட்டம் பயிற்சி பெற்றவருக்கு மதிப்பைத் தந்தது. பயிற்சி பெறாத பெரும்பான்மையை அரசின் பார்வைக்கு வெளியே தள்ளியது.

உழைக்கும் தாய்க்குச் சட்டப் பாதுகாப்பு மெதுவாகவே வந்தது. என். எம். ஜோஷி 1924இல் மத்திய சட்டசபையில் கொண்டுவந்த பேறுகால உதவி மசோதா தோற்றது. பம்பாய் 1929இலும் சென்னை 1930களின் நடுவிலும் தத்தம் சட்டங்களை இயற்றின. சுரங்கப் பெண்களுக்கென 1941இல் தனிச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அது பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம். தங்கவயல் இருந்ததோ சமஸ்தானத்தில். அங்கே நிலத்தின் மேல் வேலை செய்த பெண்கள் உண்டு. அவர்களை விடப் பல மடங்கு அதிகமாக இருந்தவர்கள் தொழிலாளியின் மனைவியர். எந்தப் பேறுகாலச் சட்டமும் அவர்களைத் தொட்டதில்லை. அவர்கள் ‘வேலை’ பார்க்கிறவர்களாகக் கருதப்படவில்லை. 1946இல் தங்கவயலில் 78 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தில் அந்த மனைவியரும்தான் பட்டினி கிடந்தார்கள்.

அதே 1946இல் ஜோசப் போர் தலைமையிலான குழு நாட்டின் மருத்துவ நிலையைக் கணக்கெடுத்து அறிக்கை தந்தது. நாடு முழுவதற்கும் சுமார் 5,000 மருத்துவச்சிகள். அதாவது 60,000 பேருக்கு ஒருவர். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பெண்கள் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இறந்தார்கள். 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதில் நான்கு மருத்துவச்சிகள், நான்கு பயிற்சி பெற்ற நாட்டு மருத்துவச்சிகள் என்று குழு பரிந்துரைத்தது. எழும்பூரில் பணியாற்றிய ஆ. லட்சுமணசுவாமி முதலியார் இக்குழுவின் உறுப்பினர். நாட்டு மருத்துவச்சியை ஒதுக்காமல் அமைப்புக்குள் இடம் கொடுத்த இந்தப் பரிந்துரை, அதற்கு முன் வந்தவற்றை விட நேர்மையானது. நடைமுறையில் அது பாதியும் நிறைவேறவில்லை.

தங்கவயல் சுரங்கங்களை 1956இல் மைசூர் மாநில அரசு ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசின் கைக்குச் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. மருத்துவமனையும் கூடவே கைமாறியது. ஊழியர் குடும்பத்துக்கு வைத்தியம் இலவசம் என்பதால் பிரசவம் மெல்ல மெல்ல லைன் வீட்டை விட்டு மருத்துவமனைக்கு நகர்ந்தது. தங்கவயலுக்கு இது உண்மையான நன்மை. ஆனால் அந்த நன்மை குடும்பத்தில் ஒருவருடைய வேலை அட்டையோடு கட்டுண்டிருந்தது. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் சுரங்க வேலை இல்லாத குடும்பங்களுக்கு அரசு மருத்துவமனையே கதி.

அரசு அமைப்பிலோ மருத்துவச்சி என்ற பணியே கரைந்துகொண்டிருந்தது. 1950களில் இரண்டு ஆண்டுப் பயிற்சியோடு துணைச் செவிலி-மருத்துவச்சி என்ற பதவி உருவானபோது தாய்சேய் நலமே அவருடைய முதல் வேலை. 1960களில் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகள் அவர் தலையில் ஏறின. 1973இல் கர்த்தார் சிங் குழு அவரைப் பல்நோக்குப் பணியாளராக்கியது. 1977இல் பயிற்சிக்காலம் 18 மாதமாகக் குறைந்தது. தடுப்பூசி, மலேரியா, கருத்தடை என்று எழுதவேண்டிய பதிவேடுகள் பெருகின. பார்த்த பிரசவங்கள் குறைந்தன. பிரசவம் பார்க்காத கை ஆபத்துக் காலத்தில் தயங்கும். இன்னொரு பக்கம், முழுப் பயிற்சி பெற்ற செவிலியர் ‘பதிவு பெற்ற செவிலி, பதிவு பெற்ற மருத்துவச்சி’ என்று இரட்டைப் பதிவு பெற்றார்கள். ஆனால் மருத்துவச்சியாக மட்டும் பணிபுரிய, அதில் பதவி உயர, தன் பொறுப்பில் ஒரு பிரிவை நடத்த வழி இல்லை. பிரசவ அறையில் இரவெல்லாம் நின்ற செவிலியை அடுத்த மாதமே அறுவைப் பிரிவுக்கு மாற்றிவிட முடிந்தது.

இலங்கை வேறு வழியில் போனது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொதுச் சுகாதார மருத்துவச்சியை வைத்தது. வீடு வீடாகச் சென்று கர்ப்பிணியைப் பதிவு செய்து, பிரசவத்துக்குப் பின்னும் வந்து பார்ப்பது அவர் கடமை. 1930களில் லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கு மேல் இருந்த தாய் இறப்பு இன்று 50க்கும் கீழே. தங்கவயலுக்கு வந்தவர்களின் சொந்தபந்தங்களைப் போன்ற மலையகத் தமிழர்களுக்கு மட்டும் இப்பயன் தாமதமாகவே கிடைத்தது. தோட்டத்து மருத்துவம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்ததே காரணம். தங்கவயலுக்கும் தோட்டத்துக்கும் இருந்த குறை ஒன்றே: தாய்க்கு வரவேண்டிய பராமரிப்பு, முதலாளியின் வழியாகச் சுற்றி வந்தது.

அந்தக் குறையின் முழு விலையைத் தங்கவயல் 2001இல் கொடுத்தது. பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையோடு மருத்துவமனையையும் இழந்தன. நூறாண்டுக்கு மேல் இயங்கிய கட்டடம் பாழடைந்து கிடந்தது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தன்னார்வலர்கள் அதைத் துப்புரவு செய்து கொரோனா சிகிச்சை மையமாக்கியபோதுதான் நாட்டின் கவனம் அதன்மேல் மீண்டும் விழுந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளுக்கு ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனை, கோலார் மருத்துவமனைகள், தனியார் மருத்துவகங்கள் இவையே வாசல். வேலை தேடி தினமும் ரயிலில் பெங்களூர் போய்வரும் குடும்பங்களுக்குத் தனியார் செலவு சிறியதல்ல.

தேசிய அளவில் 2005இல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டமும் ஆஷா பணியாளர்களும் பிரசவத்தை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தன. கர்நாடகம் மடிலு, தாயி பாக்ய போன்ற திட்டங்களைச் சேர்த்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கர்நாடகத்தில் 97 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018-20இல் மாநிலத்தின் தாய் இறப்பு லட்சத்துக்கு 69, தமிழ்நாட்டில் 54, நாடு முழுவதிலும் 97. அதே குடும்ப நல ஆய்வு இன்னொன்றும் காட்டுகிறது: கர்நாடகத்தில் 31 சதவீதத்துக்கு மேலும் தமிழ்நாட்டில் 45 சதவீதத்தை ஒட்டியும் பிரசவங்கள் சிசேரியன். உயிர் காக்கும் அறுவை அவசியமானதே. ஆனால் தமிழ்நாட்டில் ஏறத்தாழ இரண்டில் ஒரு தாய்க்கு அது தேவைப்படுகிறது என்றால் நம்பக் கடினம். இயல்பான பிரசவத்தைப் பொறுமையோடு கூடவே இருந்து நடத்தித் தரும் ஆள் அமைப்பில் இல்லாமல் போனதன் அடையாளம் இது.

2018 டிசம்பரில் இந்திய அரசு மருத்துவச்சிச் சேவைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதே மாதம் 25ஆம் தேதி, தும்கூர் மாவட்டம் பாவகடாவைச் சேர்ந்த சூலகித்தி நரசம்மா காலமானார். கூலி வாங்காமல் 15,000க்கு மேற்பட்ட பிரசவங்கள் பார்த்தவர். அந்த ஆண்டுதான் பத்மஸ்ரீ பெற்றிருந்தார். அரசின் புதிய திட்டப்படி, அனுபவமுள்ள செவிலியர் 18 மாதம் தனிப் பயிற்சி பெற்று, மருத்துவச்சிகளே தலைமை ஏற்கும் பிரசவப் பிரிவுகளை நடத்துவார்கள். சிக்கல் எழுந்தால் அதே வளாகத்தில் உள்ள மருத்துவரிடம் ஒப்படைப்பார்கள். தெலங்கானா 2017இலேயே ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையோடும் யுனிசெஃபோடும் சேர்ந்து இத்தகைய பயிற்சியைத் தொடங்கியிருந்தது. 2023இல் தேசியச் செவிலியர், மருத்துவச்சிகள் ஆணையச் சட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. பயிற்சி முடித்தவரை வேறு பிரிவுக்கு மாற்றாமல் தனிப் பதவி, தனிப் பதவி உயர்வு வரிசை தருவது மாநிலங்களின் பொறுப்பு. இப்பிரிவுகள் முதலில் பிரசவங்கள் அதிகம் நடக்கும் மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும் அமைய வேண்டும் என்கின்றன வழிகாட்டு நெறிகள். தங்கவயலுக்கான மாவட்ட மருத்துவமனை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, கோலார் நகரில் இருக்கிறது.