தாய் முகமும் சேய் முகமும்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது நம் முதியோர் வாக்கு. அவ்வாறு தெரிவதை அளந்து காட்ட இயலுமா என்று கேட்டது மனவியல். அக்கேள்வியின் வரலாற்றை ஒரு தந்தையின் குறிப்பேட்டிலிருந்து தொடங்கலாம்.

1839 டிசம்பர் 27இல் சார்லஸ் டார்வினுக்குத் தலைமகன் பிறந்தான். அக்குழந்தையின் அழுகை, அச்சம், சினம் யாவற்றையும் அவர் கூர்ந்து நோக்கிக் குறித்து வைத்தார். 45ஆம் நாளில் அது முறுவலித்ததும் அக்குறிப்புகளில் உண்டு. 1877இல் ‘மைண்ட்’ என்னும் இதழில் அவற்றை வெளியிட்டார். அன்று அளவுகோலாக இருந்தது தந்தையின் கண் ஒன்றே.

நூறாண்டு கழிந்து 1978இல் இரு முயற்சிகள் வெளிவந்தன. பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், முகத்தசை அசைவு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துக் குறியீட்டு முறை வகுத்தனர். கன்னம் உயர்வது 6. உதட்டின் கோடி மேலேறுவது 12. இரண்டும் சேர்ந்தால் உள்ளம் மகிழ்ந்த சிரிப்பு என்பது அவர்கள் கணக்கு. எட்வர்ட் டிரோனிக்கும் அவருடைய தோழர்களும் வெளியிட்டது ‘அசையா முகம்’ என்னும் சோதனை. கொஞ்சி விளையாடும் தாய், சில நிமிடம் எவ்வுணர்ச்சியும் காட்டாதிருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், பயனில்லையெனக் கண்டதும் முகந்திருப்பி வாடிவிடும். பேச்சறியாப் பருவத்திலேயே பிள்ளை தாய்முகத்தைப் படிக்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

ஆனால் இவற்றை எண்ணாக்குவது பெரும்பாடு. ஒரு நிமிடப் படத்தை நிறுத்தி நிறுத்திக் குறிக்க, பயின்றவருக்கே ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். ஆகவே ஆய்வாளர் கணிப்பொறியை நாடினர். 2009இல் டேனியல் மெஸிஞ்சரும் அவருடைய கூட்டாளிகளும் ஆறு மாதக் குழந்தைகள் இருவரையும் அவர்தம் அன்னையரையும் படம்பிடித்து, சிரிப்பின் வலிமையை மென்பொருளால் அளந்தனர். ஒருவர் சிரிப்புக்கு மற்றவர் ஈடுகொடுக்கும் விதம் நேரத்துக்கு நேரம் மாறுவதைக் கண்டனர்.

எனினும் கருவி அளப்பது தோலின் அசைவையே. பெரியோர் முகங்களைக் கொண்டு பயின்ற மென்பொருள், குழந்தையின் கொழுத்த கன்னத்திலும் சுருக்கமற்ற நெற்றியிலும் தடுமாறக்கூடும். 2019இல் லிசா ஃபெல்ட்மன் பேரட் முதலிய ஐவர், முகத்தை மட்டும் கொண்டு மனத்தை நம்பத்தக்கவாறு அறிய இயலாது என்றனர். சினமுற்றோர் பலர் முகஞ்சுளிப்பதில்லை. சுளிப்போர் அனைவரும் சினமுற்றவரும் அல்லர். பணியிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் இத்தகைய கருவிகளைக் கொண்டு உணர்ச்சியை ஊகிப்பதை, மருத்துவமும் பாதுகாப்பும் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது.

இரவெல்லாம் விழித்த தாயின் முகம் சிரிக்காதிருக்கலாம். அதைக் கொண்டு அவளைப் பாசமற்றவள் என எழுதிவிட்டால், அவ்வநீதியைத் துடைப்பவர் யார்? தாயும் சேயும் எப்போதும் ஒத்திசைவதில்லை, பிசகுவதும் மீண்டும் கூடுவதுமே இயல்பு என்று டிரோனிக்கே பின்னர் எழுதினார். அவருடைய சோதனையும் அசையா முகத்தோடு முடிவதில்லை. தாய் மறுபடி சிரிக்கிறாள். சிறிது சிணுங்கிவிட்டுக் குழந்தையும் அவளிடம் திரும்புகிறது.